அப்பா போட்டுப் பார்த்த பூட்ஸ்

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்க வேண்டும். இறங்கவில்லை.

வடக்கு மாடவீதியில் சத்திரத்து வாசல். தலையில் காஸ் லைட் சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். நாகஸ்வரக்காரர் வாசித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். திறந்த மோட்டாரில் ரோஜா மாலையோடு இருந்த மாப்பிள்ளை எழுந்து ஒரு காலைக் காரின் படியில் வைத்தார். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். இன்னொரு கால் கீழே வரவே இல்லை.

கல்யாணப் பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் எதிர்வீட்டு மாடி ஜன்னலில் இருந்தேன். பக்கத்தில் என் சித்தி பெண் அம்புலு.

"மாப்பிள்ளை முறுக்கைப் பாருடி. ஆரத்தி வந்தாதான் காலைத் தரையில வைப்பார் போலிருக்கு" என்றாள்.

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்கு முகத்தைப் பார்க்க வெட்கம். அதனால் காலைப் பார்த்தேன். பளபளவென்று கறுப்பு பூட்ஸ், அப்பா வாங்கிக் கொடுத்தது. என் கணவரிடம் நான் முதலில் பார்த்தது காலைத்தான். கடைசியிலும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

போன வாரம் என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். படித்த சிலர், மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அவரைப் பற்றி எழுதினால் பூட்ஸைப் பற்றி எழுத வேண்டும். எழுதுகிற அன்று எனக்குச் சோறு இறங்காது. இன்று காலையிலிருந்து காப்பி மட்டும்தான் குடித்திருக்கிறேன்.

அவர் என்றே எழுதுகிறேன். வாயால் ஒரு நாளும் சொல்லாத பெயர் பேனாவுக்கும் வர மாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்கு அளவு உண்டு

அப்பா மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பலசரக்குக் கடைச் சிட்டையில் அரையணா வித்தியாசம் வந்தாலும் விட மாட்டார். நில அளவு, தண்ணீர்த் தொட்டி அளவு எல்லாம் மனக்கணக்கு. அப்படிப்பட்ட மனிதர் செய்த தப்பு இது.

அந்தக் காலத்தில் எங்கள் மயிலாப்பூர்க் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குத் துரை வேஷம். பெண் வீட்டார் கொடுத்த சூட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஊர்வலம் வர வேண்டும். மறுநாள் காலை பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு அக்னிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒரு சாயங்காலத்துக்குத் துரை இல்லாவிட்டால் கல்யாணம் குறைப்பட்டுவிடும்.

கோட்டுக்கு அளவெடுக்க அப்பா தையல்காரரை மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பினார். தோள், கை, இடுப்பு எல்லாம் அளந்தார்கள். தையல்காரருக்குக் காப்பி கொடுத்து அனுப்பியதாகக்கூடக் கேள்வி. பூட்ஸுக்கு மட்டும் யாரும் போகவில்லை.

போக முடியாது. தோல் தீட்டு. சுப காரியம் பேசிக்கொண்டிருக்கிற வீட்டுக்குள் செருப்புக் கடைக்காரரை அனுப்பி மாப்பிள்ளையின் காலைத் தொட்டு அளக்கச் சொன்னால், என் மாமியார் அதை ஊர் முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு வருஷம் ஆகியிருக்கும். நம்பர் கேட்டு அனுப்பலாம் என்றால் அவர் அதுவரை பூட்ஸே போட்டதில்லை. மாப்பிள்ளையின் கால் எவ்வளவு நீளம் என்று சம்பந்தியிடம் கேட்பதும் மரியாதை இல்லை.

அதனால் அப்பா மவுண்ட் ரோடு கடைக்குப் போய்த் தன் காலில் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையும் தன் உயரம்தானே என்று அம்மாவிடம் சொன்னாராம். ஏழாம் நம்பர். அப்பாவுக்குக் கச்சிதமாக இருந்தது. கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வாங்கி வந்தார். புதுத் தோல் ஆனாலும் தோல் தோல்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். பெட்டி கல்யாணம் வரை கொல்லைப்புறத்துப் பரணில் இருந்தது.

உயரம் சரிதான். ஆனால் அப்பாவுக்கு ஒடுக்கமான, பெண்பிள்ளை மாதிரிக் கால். அவருக்கு அகலமான கால். சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு கடற்கரை மணலிலும் தெப்பக்குளத்துக் கல்லிலும் ஓடி விரிந்த கால். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கும்.

அந்தக் காலை ஏழாம் நம்பருக்குள் திணித்துக்கொண்டுதான் அன்றைக்குக் காரில் வந்திருக்கிறார். இறங்காமல் நின்றது முறுக்கு இல்லை, வலி.

பால் விட்டுக் கழுவிய கால்

மறுநாள் கன்யாதானம். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். அம்மா செம்பிலிருந்து ஊற்றினாள். அப்பா குனிந்து கழுவினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததால் தாம்பாளம் மட்டும் தெரிந்தது. குதிகாலுக்கு மேலே சிவப்பாக இருந்தது. சுண்டுவிரல் ஓரத்திலும் சிவப்பு. நலங்கு இட்டது கலைந்திருக்கிறது என்று நினைத்தேன். பால் பட்டதும் கால் வெடுக்கென்று ஒரு தடவை இழுத்துக்கொண்டது.

அப்பாவின் கை நின்றது. சாஸ்திரிகள் ஆகட்டும் ஆகட்டும் என்றார். அப்பா நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையை ஆட்டினார். அப்பா மறுபடி குனிந்து, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கழுவினார். அப்பாவின் கண் நிறைந்திருந்தது. பெண்ணைக் கொடுக்கிற துக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். என் அத்தைகள் இரண்டு பேர் அதைப் பார்த்து அழவும் செய்தார்கள்.

இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதற்கு அர்த்தம் தெரியப் பல வருஷம் ஆயிற்று.

செங்கல்லின் மேல் ஒரு ஜோடி

கொஞ்ச காலத்தில் நாங்கள் மாம்பலத்துக்குக் குடிபோனோம். இன்றைக்குத் தியாகராய நகர் என்றால் ஜவுளிக் கடையும் ஜனக்கூட்டமும்தான் ஞாபகம் வரும். அப்போது ஏரியை வற்ற வைத்து மனை போட்டிருந்தார்கள். மழை பெய்தால் ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் சேறு. வெயில் காலத்தில் அதுவே காய்ந்து கட்டிகட்டியாக நிற்கும்.

அவருக்கு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை. காலில் பூட்ஸ் இல்லாமல் துரையின் அறைக்குள் போகக் கூடாது. கல்யாண பூட்ஸ்தான் ஆபீஸ் பூட்ஸ் ஆயிற்று.

சாயங்காலம் வந்ததும் வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் கழற்றி வைப்பார். கிணற்றடிக்குச் சுற்றிப் போய்க் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். காலுறையைத் தானே துவைத்துத் தனிக் கொடியில் போடுவார். மடிக்கு விரோதமான சமாச்சாரம். நானோ மாமியாரோ அந்தப் பூட்ஸைக் கையால் தொட்டதில்லை. பெருக்கும்போது விளக்குமாற்றால் தள்ளுவோம். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் அவர் கிணற்றடியில் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தார். கேட்டபோது சொன்னார். காரிலிருந்து இறங்க முடியாமல் நின்ற கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்கப்பா காதுல இது விழக் கூடாது. ஆசையா வாங்கிக் குடுத்தார். மனசு ஒடிஞ்சு போயிடுவார்" என்றார்.

"அதுக்காக உங்க கால் ஒடியணுமா?"

"பழகிடும்டி."

இன்னொரு காரணமும் இருந்தது. பூட்ஸ் சின்னது என்று வாயைத் திறந்தால் மாமியார் அதைப் பிடித்துக்கொள்வார். அளவுகூடத் தெரியாத சம்பந்தி என்று பேச்சு கிளம்பும். அதில் அடிபடுவது நான்தான். அவர் என்னையும் அப்பாவையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காலைக் கொடுத்தார். இப்படி நல்லவர்களாக இருந்து என்ன கண்டோம் என்று நான் பல தடவை அவரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த ஜோடி தேய்ந்து கிழிந்ததும் புதிது வாங்கினாரே, அப்போதாவது பெரிதாக வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கடையில் நம்பர் கேட்டார்கள். பழைய பூட்ஸைத் திருப்பிப் பார்த்து ஏழு என்றார். ஏழாம் நம்பரையே கொடுத்தார்கள். அதற்கடுத்த ஜோடியும் ஏழு. அப்பாவின் கால் நம்பர் இவர் நம்பராகிவிட்டது. பூட்ஸ் என்றால் இப்படித்தான் கடிக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். வேறு மாதிரியான பூட்ஸை அவர் கால் பார்த்ததே இல்லையே.

தனித்தனியாக நின்ற விரல்கள் மெல்ல மெல்ல ஒன்றின் மேல் ஒன்று ஏறின. சுண்டுவிரல் மடங்கி உள்ளே போனது. கட்டைவிரல் சாய்ந்தது. அடிக்காலில் ஆணி. மாமியார் எருக்கம்பால் வைக்கச் சொன்னார். அது தோலைப் பொத்துவிட்டதே தவிர ஆணி போகவில்லை. நாவிதர் வந்து சவரக் கத்தியால் சீவிவிட்டுப் போவார். சில நாளில் மறுபடி வளரும்.

கட்டைவிரல் அகலம்

சொந்தக் கதையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் இன்றைக்கு வருகிறேன்.

போன மாதம் என் தங்கை பேத்திக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் பாண்டி பஜாருக்குப் போனோம். இப்போது பூட்ஸ் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஷூ என்றுதான் சொல்ல வேண்டும். கடைப் பையன் அளவு போட்ட பலகையைக் கீழே வைத்தான். குழந்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டியது. நான் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். உட்கார்ந்தால் ஒரு கால், நின்றால் வேறு கால். உடம்புப் பாரம் இறங்கினால் கால் விரியும். இரண்டு காலையும் அளக்கச் சொன்னேன். எந்த மனுஷருக்கும் இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரிய காலுக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

காலையில் போகலாம் என்று என் தங்கை சொன்னதை நான்தான் கேட்கவில்லை. நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் உப்பியிருக்கும். அந்தக் காலுக்குச் சரியாக இருந்தால்தான் சரி. போட்டுவிட்ட பிறகு நுனியை அமுக்கிப் பார்த்தேன். விரலுக்கும் ஷூவுக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடை முழுக்க நடக்க விட்டேன். போடப் போடச் சரியாகிவிடும் மாமி என்றான் பையன்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? என் தங்கை அவனிடம் சமாதானம் சொல்லிவிட்டு ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

வலி நின்ற வருஷம்

எந்த வருஷம் என்று தெளிவாக நினைவில்லை. மின்சார ரயில் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு நாள் அவர் ஆபீஸிலிருந்து வந்து செங்கல்லின் மேல் பூட்ஸை வைத்துவிட்டு, கிணற்றடிக்குக்கூடப் போகாமல் வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பூட்ஸ் ஒருவழியா சமாதானமாயிடுத்து. கடிக்கவே இல்லை."

அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு கடிக்கவே இல்லை. எத்தனையோ வருஷ வலி நின்றுவிட்டது. நான் அந்த வெள்ளிக்கிழமை பாயசம் வைத்தேன். கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். கோயில் வாசலில் செருப்பில்லாமல் நடந்தோம். வெயிலில் கல் கொதித்தது. நான் குதித்துக் குதித்து ஓடினேன். அவர் நிதானமாக வந்தார். என்ன திடம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.



அதே சமயம் அவருக்குத் தாகம் அதிகமாயிற்று. கூஜாத் தண்ணீர் போதவில்லை. உடம்பு இளைத்தது. கொல்லையில் அவர் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. நீரிழிவுக்கு அடையாளம் அது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வியாதி வயதான பணக்காரர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். அவருக்கு வயசும் இல்லை, பணமும் இல்லை.

பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. பூட்ஸ் பழகவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது. கடிக்கிற பூட்ஸ் கடித்துக்கொண்டேதான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய கால்தான் மரத்துப்போய்விட்டது.

ரிக்‌ஷாவில் ரத்தம்

ஐப்பசி மழை. ஸ்டேஷன் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அவர் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் வண்டி நின்றதும் இழுத்து வந்தவர்தான் முதலில் படியேறி வந்து கூப்பிட்டார்.

"அம்மா, சாமி கால்ல இன்னாமோ ஆயிகீது. வண்டி பூரா ரத்தம் ஊத்திகினு கீது. கேட்டா தெர்லன்றாரு."

அவர் பின்னால் வண்டியிலேயே உட்கார்ந்து தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"எனக்கு வலிக்கவே இல்லையே" என்றார்.

ரிக்‌ஷாக்காரர்தான் பூட்ஸைக் கழற்றினார். பூட்ஸின் அடித்தோலிலிருந்து ஒரு இரும்பாணி உள்பக்கமாகக் கிளம்பி நின்றது. நல்ல கால் என்றால் முதல் அடியிலேயே ஐயோ என்று தூக்கியிருக்கும். இவர் அதன் மேல் ஆபீஸுக்குப் போய்வந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று அவருக்கும் தெரியாது. உள்ளே பழைய ரத்தம் கறுப்பாகக் காய்ந்து, அதன் மேல் புது ரத்தம். காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்றம் தாங்கவில்லை. மாமியார் உள்ளே போய்விட்டார்.

அன்று நான் அந்தப் பூட்ஸைக் கையில் எடுத்தேன். முதல் தடவையாக உள்ளே பார்த்தேன். யாரும் என்னைக் குளிக்கச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். சர்க்கரைக்கு ஊசி வந்துவிட்ட காலம்தான். ஆனால் புண் அழுகி எலும்புக்குப் போய்விட்டது. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். ஒவ்வொரு தடவையும் இத்தோடு நின்றுவிடும் என்று நம்பினோம். மார்கழி பிறந்தபோது இடது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை.

டாக்டர் அடையாற்றுக்காரர். சின்ன வயசு, கொஞ்சம் முன்கோபி. ஒரு நாள் செய்தித்தாளைத் தரையில் போட்டு, அவரைப் பிடித்து நிறுத்தி, மீதியிருந்த வலது காலை அதன் மேல் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். வலது பூட்ஸை வாங்கி அந்தக் கோட்டின் மேல் வைத்தார். பூட்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் கோடு வெளியே தெரிந்தது. இத்தனை வருஷமும் இதையா போட்டுக்கொண்டீர்கள், யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய காலை ஒருவர் அளந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா சொன்னது

டாக்டர் போனதும் அப்பா அந்தச் செய்தித்தாளைத் தரையிலிருந்து எடுத்தார். மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். அப்பா அவராகவே சொன்னார்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. பால் விட்டுக் கழுவறச்சே பார்த்தேன். தோலே வழண்டிருந்தது. மாப்பிள்ளை வேண்டாம்னு தலையாட்டினார். எனக்கும் சொல்ல வாய் வரலை."

"அப்புறமாவது கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா, அவர் மறைச்சது எனக்குத் தெரியும்னு ஆயிடுமே. அது அவருக்குச் சங்கடம் இல்லையா?"

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஒருவர் மாமனாரின் மனசு நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். இன்னொருவர் மாப்பிள்ளைக்குச் சங்கடம் வரக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். வாசலில் அந்த பூட்ஸ் இருந்திருக்கிறது. யாராவது ஒருவர் கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா?

பொங்கலுக்கு முன்னால் விஷம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது. ஜுரத்தில் இல்லாத காலை எடுத்து வைக்கப் பார்த்தார். ஆபீஸுக்கு நேரமாயிற்று என்றார். கடைசி நாள் பேச்சில்லை. போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் போனவரின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு துணியால் கட்டுவார்கள். கட்ட வந்தவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். பிறகு ஒற்றை விரலில் சும்மா சுற்றி முடிந்துவிட்டுப் போனார்.

குடையும் பாதரட்சையும்

பன்னிரண்டாம் நாள் தானம். குடை, பாதரட்சை, கைத்தடி, தண்ணீர்ச் சொம்பு என்று சாஸ்திரிகள் சொல்லிக்கொண்டு வந்தார். போகிற வழியெல்லாம் கொதிக்கிற மணலும் முள்ளுமாக இருக்கும், பிராமணருக்குப் பாதரட்சை கொடுத்தால் அது அந்த ஜீவனின் காலுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

நான் உள்ளறையில் மூலையில் இருந்தேன். வெளியே வரக் கூடாது, பேசவும் கூடாது. ஆனால் பேசிவிட்டேன்.

"ஒத்தைக் காலுக்கு எதுக்கு ரெண்டு?"

சாஸ்திரிகள் கோபிக்கவில்லை. அங்கே சரீரம் முழுசாகக் கிடைக்கும், குறை இருக்காது அம்மா என்று பொறுமையாகச் சொன்னார். நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முழுசாக இரண்டு கால் இருந்தபோது இங்கே அவருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை யார் கொடுத்தார்கள்? அங்கே மட்டும் யார் அளந்து கொடுக்கப் போகிறார்கள்?

பாதரட்சை வாங்கி வருகிறேன் என்று அப்பாதான் போயிருந்தார். கர்மம் செய்தது என் கணவரின் தம்பி. அவர் தானே வாங்குவதாகச் சொன்னதை அப்பா கேட்கவில்லை. வெயிலில் மாம்பலத்திலிருந்து மவுண்ட் ரோடு வரை நடந்தே போய் நடந்தே வந்திருக்கிறார். அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஜோடி செருப்பு.

இவ்வளவு பெரிய செருப்பை நான் பார்த்ததே இல்லை. எந்த மனிதருக்குத் தைத்ததோ தெரியவில்லை. அப்பா கோட்டுப் பையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. அதைத் தரையில் விரித்து, டாக்டர் போட்ட பென்சில் கோட்டின் மேல் வலது செருப்பை வைத்தார். கோடு தெரியவில்லை. செருப்பு எல்லாப் பக்கமும் அதை மூடிக்கொண்டு இன்னும் வெளியே நீண்டிருந்தது.

"இந்தத் தடவை கடிக்காதும்மா" என்றார்.

நான் செருப்பின் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். இடம் இருந்தது. இன்னும் எத்தனையோ விரல் வைக்க இடம் இருந்தது. சரியாயிருக்குப்பா என்று சொன்னேன். அவருக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

தானம் வாங்க வந்த பிராமணர் ஒல்லியான, குள்ளமான மனிதர். எள்ளும் தண்ணீரும் விட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். வாசலிலேயே போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று சாஸ்திரிகள் சொல்ல, அவர் போட்டுக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. குதிகாலில் ஒட்டாமல் தட்டிக்கொண்டு, இழுத்துக்கொண்டு தெருவில் போயிற்று.

பிள்ளையார் கோயில் திருப்பம் வரைக்கும் கேட்டது. அங்கே நின்றுவிட்டது. நடக்க முடியாமல் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்பா இன்னும் அறை வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும்.